லீவு நாளில் நிற்கிற இருமல்: மரவேலை செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி

தேக்குவாசம் | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ல இன்டீரியர் வேலை பார்க்கிறேன். வயசு 36. பதினாறு வருஷமா மரத்தோடதான் பிழைப்பு. முதல் ஆறு வருஷம் ஊர்ல அப்பாகூட நிலை, கதவு, ஜன்னல். அப்புறம் இங்க வந்து கிச்சன் கபோர்டு, வார்ட்ரோப், டிவி யூனிட். இப்ப கைக்கு வர்றதுல பாதிக்கு மேல எம்.டி.எஃப். பலகை (மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யறது), மீதி பிளைவுட்.

போன ஆடி மாசத்துல இருந்து இருமல். பகல்ல பெருசா தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளிச்சு, சாப்பிட்டு, படுத்து ஒரு மணி நேரம் ஆனதும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். உள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். எழுந்து சுவரில் சாய்ஞ்சு உக்காந்தாத்தான் மூச்சு வருது. ரெண்டு டாக்டரைப் பார்த்தேன். ஒருத்தர் டானிக், இன்னொருத்தர் ஆன்டிபயாட்டிக். சளி டெஸ்ட்ல டிபி இல்லைன்னு வந்துருச்சு. எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்காம். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன்னு ரெண்டு பேருமே கேக்கலை. எனக்கும் சொல்லணும்னு தோணலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் எட்டு நாள் இருந்தேன். மூணாவது நாளே இருமல் நின்னுருச்சு. நான் நிம்மதியாத் தூங்கினதைப் பார்த்து எங்கம்மா, "ஊர்த் தண்ணி சேருது"ன்னாங்க. திரும்பி வந்து ஒரு சைட்ல கபோர்டு ஷட்டருக்கு, அதாவது கதவுக்கு, சாண்டர் (உப்புத்தாள் மெஷின்) போட்டேன். அன்னிக்கு ராத்திரியே பழையபடி ஆரம்பிச்சுருச்சு.

மேஸ்திரிகிட்ட சொன்னா, "மரவேலைக்காரனுக்கு இருமல் கூடப் பிறந்தது, பழகிடும்"ங்கறார். நெஜமாவே அப்படித்தானா? உங்கள்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா?

---

பழைய உளி | செவ்வாய், இரவு 11:15

தம்பி, எனக்கு 68 வயசு. காரைக்குடிப் பக்கம். பர்மா தேக்குல நிலைக்கதவு செஞ்ச குடும்பம். பன்னெண்டு வயசுல உளி பிடிச்சவன். ஐம்பது வருஷத்துக்கு மேல இந்தத் தூளைச் சுவாசிச்சுத்தான் வாழ்ந்திருக்கேன், எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ பயப்படாதே. வேலை முடிஞ்சதும் ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டு மென்னு முழுங்கு, உள்ள போன தூசியை இழுத்துக்கிட்டுப் போயிடும். வேலை செய்யும்போது துண்டை நனைச்சு மூக்கில் கட்டிக்கோ. எங்க காலத்துல அதுதான் வழக்கம்.

---

ஊதுமானி | புதன், காலை 6:05

தேக்குவாசம் அண்ணா, நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் மூச்சுப் பரிசோதனை செய்கிற டெக்னீஷியன். குழாயில் ஊதச் சொல்லி கம்ப்யூட்டரில் கோடு எடுப்போமே, அந்த ஸ்பைரோமெட்ரி வேலை. பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். மருந்து எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் டியூட்டிக்குக் கிளம்ப மனசு வரவில்லை.

நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். ஊருக்குப் போனால் நிற்கிறது, வேலைக்குத் திரும்பினால் வருகிறது. வேலை இடத்து ஆஸ்துமாவைச் சந்தேகிக்கச் சொல்லும் முதல் அடையாளமே இதுதான். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிற கணக்கின்படி, மற்ற வேலை செய்கிறவர்களைவிட மரவேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு.

பகலில் ஒன்றும் இல்லாமல் ராத்திரியில் வருவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. தூள் உள்ளே போன சில நிமிஷத்திலேயே சிலருக்கு மூச்சு இறுகும். இன்னும் சிலருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் மூச்சுக்குழாய் வீங்கத் தொடங்கும். காலையில் சாண்டர் போட்டவர் ராத்திரி படுக்கையில் இருமுவார். பக்கத்தில் தூசியே இல்லாததால், குடித்த மோர் மீதோ தலையணைப் பஞ்சு மீதோதான் பழி போகும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்துமாவில் குழாய் சுருங்கி விரிகிறது. படம் எடுக்கும் நேரத்தில் நுரையீரல் சாதாரணமாகவே தெரியும். டிபி இல்லை என்று பார்த்துக்கொண்டது நல்லது. நம் ஊரில் அதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பல பேருக்கு அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது: மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும். நின்றுகொண்டு, மூச்சை முழுசாக இழுத்து, உதட்டை இறுக்கிப் பிடித்து, ஒரே வேகத்தில் படக்கென்று ஊத வேண்டும். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எண். எண் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூன்று தடவை ஊதி, பெரிய எண்ணை எழுதுங்கள். எழுந்ததும், வேலைக்கு நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று ஒரு நாளைக்கு நான்கு முறை. நான்கு வாரம். லீவு நாளிலும் விடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாட்கள்தான் வேண்டும். பக்கத்திலேயே அன்று என்ன பலகை, என்ன மெஷின் என்று ஒரு வரி. அந்த நோட்டோடு நெஞ்சக நோய் டாக்டரிடம் போய், முதல் வாக்கியமாக "நான் மரவேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். நோட்டு முடியட்டும் என்று அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். டாக்டரை இந்த வாரமே பாருங்கள், நோட்டு பாட்டுக்கு ஓடட்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமாகத் தெரிந்தாலோ நோட்டை மறந்துவிட்டு உடனே கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும்.

பழைய உளி ஐயா, மன்னிக்கணும். வெல்லம் போவது உணவுக்குழாயில், தூள் போவது மூச்சுக்குழாயில். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வராது. நனைத்த துண்டு பெரிய தூளைப் பிடிக்கும். நெஞ்சுக்குள் இறங்குகிற நுண்தூள் துணி இழைகளுக்கு நடுவில் தாராளமாகப் போய்விடும்.

---

தேக்குவாசம் | புதன், இரவு 9:50

ரொம்ப நன்றிங்க. மீட்டர் வாங்கிட்டேன். இன்னிக்கு மத்தியானம் 460, இப்ப 370. வேலையில 12 எம்.எம். எம்.டி.எஃப். கட்டிங். நாளைக்கு ஒருத்தர் லீவு, அதனால சனிக்கிழமைக்கு டாக்டரைப் பார்க்க டோக்கன் போட்டிருக்கேன்.

---

பருத்தித்துறைப் பெடியன் | வியாழன், காலை 7:20

வணக்கம் அண்ணை. நான் இப்ப கனடாவில, பிரிட்டிஷ் கொலம்பியா. இஞ்ச வந்து ஒன்பது வருசம் கூரைக்கு அடிக்கிற சிடார் ஓடு செய்யிற மில்லில நிண்டனான். சிவப்பு சிடார் எண்டு ஒரு மரம், நல்ல வாசம். அந்த வாசத்துக்காகவே எனக்கு அந்த வேலை பிடிச்சது.

நாலாம் வருசம் உங்களுக்கு வந்த மாதிரியே வந்தது. இரவில இருமல், ஞாயிறில சுகம். எங்கட குடும்ப டொக்டர் முதல் கேட்ட கேள்வியே "எங்க வேலை?" எண்டுதான். ஏனெண்டா இந்த மாகாணத்தில இது எல்லாருக்கும் தெரிஞ்ச வருத்தம். அந்த மரத்தில பிளிக்காட்டிக் அமிலம் எண்டு ஒண்டு இருக்கு, அதுதான் மூச்சுக்குழாயைக் கிளப்பி விடுறது. வன்கூவரில மொய்ரா சான்-யங் எண்ட பெண் டொக்டர் 1970களில இருந்து இந்தத் தொழிலாளரைத்தான் ஆராய்ஞ்சவ. சிடாரில வேலை செய்யிற நூறு பேரில நாலைஞ்சு பேருக்கு இந்த ஆஸ்துமா வருது. வந்தவையில கனபேர் புகைக்காத ஆக்கள். நானும் புகைக்கிறேல்லை, அதாலதான் எனக்கு நெஞ்சு வருத்தம் வராது எண்டு நம்பிக்கொண்டு இருந்தனான்.

உங்களுக்கு நான் முக்கியமா சொல்ல வந்தது வேற. டொக்டர் சொல்லியும் நான் இன்னும் அஞ்சு வருசம் அதே மில்லில நிண்டனான். வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்பிற காசு. வேலையை விட்டபிறகு சரியாப் போயிடும் எண்டு நினைச்சன். அந்த டொக்டரின்ர ஆய்வில வேலையை விட்டவையையும் பின்னால பாத்திருக்கினம். பாதிக்கு மேற்பட்ட ஆக்களுக்கு விட்ட பிறகும் ஆஸ்துமா நிண்டுபோட்டுது. கெதியாக் கண்டுபிடிச்சு கெதியா விலகினவைதான் நல்லா வந்தவை. நான் விட்டு ஆறு வருசம். இப்பவும் பம்ப் (இன்ஹேலர்) இல்லாமல் பனிக்காலத்தில வெளிய இறங்கேலாது. உங்களுக்கு வந்து ஆறேழு மாசம்தான் ஆகுது, அண்ணை. அந்த ஆறேழு மாசம் பெரிய காசு.

இன்னொண்டும் சொல்லவேணும். 2012இல இந்த மாகாணத்தில ரெண்டு மரமில்லுகள் தூளாலயே வெடிச்சது. ஜனவரியில பேர்ன்ஸ் லேக், ஏப்ரலில பிரின்ஸ் ஜோர்ஜ். ஒவ்வொண்டிலும் ரெண்டு பேர் செத்தவை. காத்தில தொங்கிற நுண்தூளில பொறி பட்டா அப்பிடித்தான். நெஞ்சுக்குப் பயப்பிடாத முதலாளியும் அதுக்குப் பிறகு தூளைக் கூட்டி அள்ளத் தொடங்கினார்.

---

நாலு சுவர் | வியாழன், மதியம் 2:10

என் வீட்டுக்காரர் சாண்டிங் வேலைதான். வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், சட்டைப் பை எல்லாம் வெள்ளையா இருக்கும். வந்ததும் ரெண்டு வயசுப் பையன் ஓடிப்போய்த் தோள்ல ஏறிக்குவான். இது குழந்தைக்கு ஆகுமா?

---

ஊதுமானி | வியாழன், மாலை 6:30

நாலு சுவர், ஆகாதுங்க. வேலைச் சட்டையை வீட்டு வாசலுக்கு வெளியிலேயே மாற்றச் சொல்லுங்கள். வேலை இடத்திலேயே மாற்றிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. அந்தத் துணியை உதறாமல் அப்படியே தண்ணீரில் போட்டு, தனியாகத் துவையுங்கள். குளித்த பிறகு பையனைத் தூக்கட்டும். கம்ப்ரஸர் காற்றை மேலே அடித்து உடம்பைத் தட்டிவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது தூளை நேராக அவர் மூக்குக்கே அனுப்புகிறது.

---

முகர்ந்து சொல்வார் | வியாழன், இரவு 11:55

இந்தத் தளத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதுவதற்காகத்தான் கணக்குத் தொடங்கினேன்.

என் அப்பா நாற்பது வருஷம் மரச்சாமான் கடையில் வேலை பார்த்தார். தேக்கு, ஈட்டி, கடைசிக் காலத்தில் வெளிநாட்டு பீச் மரம். உப்புத்தாள் போட்டு பாலிஷுக்குத் தயார் செய்வதுதான் அவர் பொறுப்பு. அவர் தேய்த்த பலகையில் விரல் வைத்தால் வழுக்கும். ஒரு துண்டு மரத்தைக் கையில் கொடுத்தால் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடி முகர்ந்து, "வேங்கை, ஆனா நல்லாக் காயலை" என்பார். சின்ன வயசில் எங்களுக்கு அதுதான் விளையாட்டு, விதவிதமான சில்லுகளைக் கொண்டுபோய் நீட்டுவோம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

62 வயசில் பேரன் ஒரு துண்டை நீட்டினான். அப்பா முகர்ந்தார், திரும்ப முகர்ந்தார், "ஒண்ணும் தெரியலையேப்பா" என்றார். எல்லாரும் சளி என்று விட்டுவிட்டோம். இடது பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருஷம் சைனஸ் என்று சொட்டு மருந்து விட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதி யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. அப்புறம் காலையில் கைக்குட்டையில் ரத்தம், அதுவும் இடது பக்கம் மட்டும். ஸ்கேன் எடுத்தபோது கட்டி கண்ணுக்குப் பக்கத்து எலும்பு வரை போயிருந்தது. மூக்குக்கு மேலே உள்ள சைனஸில் வந்த புற்றுநோய். அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் செய்தோம். இரண்டு வருஷம் இருந்தார்.

சிகிச்சை தந்த டாக்டரம்மாதான் முதல்முதலாக "மரவேலையா?" என்று கேட்டார். அதற்கப்புறம் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஹை வைகம் என்று ஒரு ஊர், நாற்காலி செய்வதற்கே பேர் போனது. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு, இந்த அபூர்வமான மூக்குப் புற்றுநோய் தன்னிடம் வருகிறவர்களில் நாற்காலித் தொழிலாளிகளுக்கே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டொனால்டு ஆச்செசன் அவரோடு சேர்ந்து கணக்கெடுத்தார். 1968இல் கட்டுரை வந்தது. அடுத்த வருஷமே பிரிட்டன் அதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பிலேயே வைத்துவிட்டது. புகையிலையும் கல்நாரும் இருக்கிற வகுப்பு அது. என் அப்பா 1995க்கு அப்புறமும் பல வருஷம் வெறும் மூக்கோடு தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. இது அரிதான நோய், மரவேலை செய்கிற எல்லாருக்கும் வராது. தூளோடு பழகத் தொடங்கி இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் வரும். அதனாலேயே யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் ரத்தம் வந்தால், மரத்தின் வாசம் தெரியாமல் போனால், தயவுசெய்து மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான் மரவேலைக்காரன் என்று சொல்லிக் கேளுங்கள்.

---

பழைய உளி | வெள்ளி, காலை 5:30

அம்மா, உங்க அப்பாவைப் பத்திப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை. முகர்ந்து மரம் சொல்றவன் இப்ப ஊருக்கு ஒருத்தன் கிடையாது.

நான் செவ்வாய்க்கிழமை எழுதினதைத் திருத்தணும். நான் ஐம்பது வருஷம் வேலை செஞ்சது இழைப்புளியில. தள்ளினா மரம் சுருள் சுருளா வரும், வாழைநார் மாதிரி. காலுக்கடியில விழுந்து கிடக்கும், பறக்காது. கைவாள்ல அறுத்தா விழறது ரவை மாதிரி இருக்கும், அதுவும் கீழதான் போகும். வேலையும் திறந்த கொட்டகையில, வேப்ப மரத்தடியில. இப்ப என் மகன் பட்டறைக்குப் போய்ப் பாக்கறேன். ஷட்டரை இறக்கிக்கிட்டு ஏ.சி. வீட்டுக்குள்ள மெஷின் போடறான். சாண்டர்ல வர்றது ரவை இல்லை, விபூதி. விரல்ல தொட்டா ரேகைக்குள்ள போய் ஒட்டிக்குது. என் அனுபவத்தை வச்சு அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொன்னது தப்பு.

எங்க மச்சான் ஒருத்தர் மர அறுவை மில்லுல இருந்தார். ஈர மரம், பூஞ்சணம் பிடிச்ச கட்டை எல்லாம் அறுப்பார். சாயங்காலமானா குளிர்க் காய்ச்சல், உடம்பு வலி, காலையில சரியாப் போயிடும். மலேரியான்னு சொன்னாங்க. ஐம்பத்திரண்டு வயசுல இளைச்சு இளைச்சுப் போயிட்டார். அதுவும் இதுதானாம்மா, ஊதுமானி?

---

ஊதுமானி | வெள்ளி, மதியம் 1:40

ஐயா, பார்க்காத நோயாளியைப் பற்றி நான் அடித்துச் சொல்லக் கூடாது. நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு நோய் இருக்கிறது. பூஞ்சை பிடித்த மரத்தை அறுக்கும்போது பூஞ்சையின் நுண்விதைகள் காற்றுப்பைகள் வரை போய் அங்கே அழற்சி உண்டாக்கும். நாலு, எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், மூச்சு வாங்கல். மறுநாள் விட்டுவிடும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பு பிடித்துச் சுருங்கும். ஆஸ்துமாவில் சுருங்குவது குழாய், இதில் கெடுவது பையே. அதனால்தான் மரமில்லுக்காரருக்கு மாலையில் காய்ச்சல் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ரவை, விபூதி என்று சொன்னீர்களே, எங்கள் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பது அதைத்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். பெரிய தூளை மூக்கு பிடித்துக்கொள்ளும். பத்து மைக்ரானுக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இரண்டு மைக்ரான் தூள், காற்று அசையாத அறையில்கூட மூக்கு உயரத்தில் இருந்து தரைக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சாண்டரை நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றி, அங்கேயே உட்கார்ந்து டீ குடிக்கிறோமே, அந்த நேரத்திலும் அது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

---

ஒன்பது பேர் பட்டறை | வெள்ளி, இரவு 10:20

சேலத்துல சின்னப் பட்டறை வச்சிருக்கேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். மூணு வருஷம் முன்னாடி என்கிட்ட இருந்த நல்ல கைக்காரர் ஒருத்தர் இதே இருமலோட வேலையை விட்டுப் போனார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. முதலாளி பக்கத்துல இருந்து நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல ஒரு ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, ஒருத்தரை சாண்டர் போடச் சொல்லி, எதிர்ப்பக்கம் இருந்து பெரிய டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளிச்சம் உங்க பக்கமா வரணும், விளக்கை மட்டும் கையால மறைச்சுக்கணும். நான் பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அவர் தலையைச் சுத்தி மேகம் மாதிரி. மெஷினை நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சப்பவும் அந்த மேகம் கலையலை. சாதாரண டியூப்லைட்ல ஒண்ணுமே தெரியாது. சுத்தமான பட்டறைன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்த இடம் அது.

அளவு எவ்வளவுன்னு தேடினேன். பிரிட்டன்ல 2020ல இருந்து கடின மரத்தூளுக்கு ஒரு கன மீட்டர் காத்துக்கு 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2023ல இருந்து 2. அமெரிக்காவோட தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1ங்குது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம்னா 28 கன மீட்டர். 3 மில்லிகிராம்னு வச்சாலும் மொத்தம் 84 மில்லிகிராம். ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு கூட இல்லை. அந்த ரூம் முழுசுக்கும் அவ்வளவுதான் பறக்கலாம். ஒரு ஷட்டரைத் தேய்ச்சா எவ்வளவு பறக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கடின மரம்னா உளிக்குக் கடினமானதுன்னு அர்த்தம் இல்லை. அகல இலை மரம் எல்லாமே அதுல வரும்: தேக்கு, வேம்பு, மா, ரப்பர் மரம் கூட.

தூள் பிறக்கிற இடத்துலயே பிடிக்கணும், பறந்ததுக்கப்புறம் பிடிக்க முடியாது. சாண்டர் வாங்கும்போது அடியில ஓட்டை இருக்கிற தட்டும், பின்னாடி குழாய் மாட்டற வாயும் இருக்கறதா பார்த்து வாங்குங்க. கூட வர்ற துணிப்பை பெரிய தூளைத்தான் பிடிக்கும், நுண்தூள் அதுலயே வடிஞ்சு வெளிய வந்துடும். வீட்டு வேக்கம் கிளீனரும் அப்படித்தான், முன்னாடி இழுத்து பின்னாடி விட்டுடும். எம் கிளாஸ்னு போட்ட மரத்தூள் வேக்கம் கேளுங்க. விலை கூடத்தான், நான் தவணையில எடுத்தேன். டேபிள் ரம்பத்துக்குப் பெரிய டஸ்ட் கலெக்டர், அதோட பையை சுவருக்கு வெளிய கொட்டகை போட்டு வச்சிருக்கேன். உள்ள வச்சா பாதி பலன் போயிடும்.

விளக்குமாத்தால பெருக்கறதை நிறுத்திட்டோம். கம்ப்ரஸர்ல ஊதறதையும் நிறுத்திட்டோம், பழகினவங்களுக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு. தூளை தூள் அடுப்புக்கு வாங்கிட்டுப் போறவர் வருவார். அவர்கிட்டயும் மூட்டையை உதறாம கட்டித்தான் கொடுக்கறோம், அவருக்கும் நெஞ்சு இருக்கே.

முகமூடி கடைசி. ஆனாலும் வேணும். பச்சை நிற சர்ஜிக்கல் மாஸ்க் இதுக்கு உதவாது. ஐ.எஸ். 9473 (நுண்தூள் முகமூடிக்கான இந்தியத் தர எண்) முத்திரையோட எஃப்.எஃப்.பி. 2 இல்லாட்டி என்-95, சாண்டிங்குக்கு எஃப்.எஃப்.பி. 3. ரெண்டு பட்டையும் தலைக்குப் பின்னால போகணும், மூக்குக் கம்பியை அழுத்திவிடணும். தாடி இருந்தா ஓரத்துல இடைவெளி விழுந்து தூள் அது வழியா போகும். கழட்டினதும் உள்பக்கம் மூக்கோரத்துல பழுப்புக் கோடு இருந்தா உங்களுக்கு அது பொருந்தலைன்னு அர்த்தம், வேற கம்பெனி பாருங்க.

எம்.டி.எஃப்.க்கு இன்னொரு விஷயம். அந்தப் பலகையை ஒட்டறதே யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில. ஃபார்மால்டிஹைடையும் அதே புற்றுநோய் அமைப்பு 2004ல முதல் வகுப்புல சேர்த்துடுச்சு. மூக்கு, கண் எரிச்சலும் கொடுக்கும். பலகை வாங்கும்போது அது குறைவா வெளிய வர்ற இ-1 இல்லாட்டி இ-0 முத்திரை கேளுங்க.

பத்துப் பேரோ அதுக்கு மேலயோ ஆள் வச்சிருக்கற முதலாளிகள் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்டணும். சைட்ல நாள்கூலிக்கு நிக்கற தம்பிமார் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல தச்சர்னு பதிவு பண்ணிக்குங்க. அட்டை கையில இருக்கட்டும்.

---

தேக்குவாசம் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:30

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன்.

சொன்னபடி அந்தச் சனிக்கிழமையே மெடிக்கல் காலேஜ் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போனேன். மரவேலைன்னு சொன்னதும் டாக்டர் பேனாவை வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்ஹேலர் எழுதினார், நோட்டைத் தொடரச் சொன்னார். நாலு வாரம் ஒரு நேரம் விடாம எழுதினேன். ரெண்டாவது வாரம் மட்டும் சொல்றேன்: திங்கள் காலை 480, ராத்திரி 390. புதன் ராத்திரி 350, அன்னிக்கு முழுக்க சாண்டர். வெள்ளி காலையிலயே 400. ஞாயிறு ராத்திரி 490. என் மனைவி அதைக் கோடு போட்டு வரைஞ்சா. ஒவ்வொரு வாரமும் பள்ளம், ஒவ்வொரு ஞாயிறும் மேடு. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து, "இதுக்கு மேல எனக்கு எந்த டெஸ்ட்டும் வேண்டாம், ஊதிப் பார்க்கறது மட்டும் ஒரு தடவை பண்ணிடுவோம்"னார். வேலையால வந்த ஆஸ்துமான்னு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டார்.

ஒரு தடவை உடம்பு இந்தத் தூளை எதிரியா எடுத்துக்கிட்டா, அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் கிளம்பும், அதனால மாஸ்க்கை நம்பி அதே இடத்துல நிக்காதேன்னார். மேஸ்திரிகிட்ட சீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அவருக்கும் பத்து வருஷமா இருமல். இப்ப என்னை சைட் அளவெடுக்கறது, வரைபடம், ஹார்ட்வேர் மாட்டறதுக்கு விட்டிருக்கார். கூலி நாளைக்கு நூத்தம்பது குறைவு. கட்டிங், சாண்டிங் எல்லாம் வேற ஒரு பட்டறையில முடிச்சு பலகையாக் கொண்டு வர்றோம். அங்கயும் குழாய் மாட்டின சாண்டர்தான்னு பார்த்துட்டு வந்துதான் ஒத்துக்கிட்டேன். என் நெஞ்சுல இருக்கறதை இன்னொருத்தன் நெஞ்சுக்கு மாத்தி விட எனக்கு மனசு இல்லை.

பருத்தித்துறைத் தம்பி, நீங்க எழுதின "ஆறேழு மாசம் பெரிய காசு"ங்கற வரியைத்தான் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். கூலி குறையறதுக்கு அவ உடனே சரின்னுட்டா.

இன்னிக்கு ராத்திரி 500.

---

பழைய உளி | ஞாயிறு, இரவு 10:05

சந்தோஷம் தம்பி. ஊதுமானி அம்மா, அந்தக் குழாயை மெடிக்கல்ல என்ன பேர் சொல்லிக் கேக்கணும்? மகனுக்கு வாங்கணும். அவனும் ராத்திரியில இருமறான்.

---

ஊதுமானி | ஞாயிறு, இரவு 10:20

பீக் ஃப்ளோ மீட்டர் என்று கேளுங்கள் ஐயா. பெரியவர்களுக்கானது என்று சேர்த்துச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு வேறு அளவு இருக்கிறது. முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நின்று ஊத வையுங்கள். உதட்டோரம் காற்று கசிந்தால் எண் குறைத்துக் காட்டும். அப்படியே டாக்டரிடமும் ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள்.